கடைசி நாற்காலியிலும் ஒளிய இடமில்லை

மாணவர் ஆர்கெஸ்ட்ராக்கள் நவீன இசைப் பக்கமே போகக்கூடாது, முதலில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கை ஒழுங்காக வாசிக்கட்டும் என்பது என் நண்பரின் கட்சி. போன வாரம் லண்டனில் ஓர் இசைக் கல்லூரி மாணவர்களின் கச்சேரிக்கு இருவரும் போனோம். அவர் கட்சி மாறவில்லை. எனக்கோ, மாணவர்கள் வாசிக்க வேண்டியதே இந்த மாதிரி இசைதான் என்று உறுதியாகிவிட்டது.

வாசித்தது லுட்டோஸ்லாவ்ஸ்கியின் செல்லோ கான்செர்ட்டோ, அதாவது ஒற்றைச் செல்லோவும் (வயலின் குடும்பத்தின் பெரிய தந்தி வாத்தியம்) ஆர்கெஸ்ட்ராவும் எதிரெதிரே வாசிக்கும் படைப்பு. போலந்துக்காரரான அவர் சோவியத் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்சுக்காக எழுதியது. 1970 அக்டோபரில் இதே லண்டனில், ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அரங்கேறியது. ஆரம்பமே வம்பு. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சும்மா உட்கார்ந்திருக்க, செல்லோ மட்டும் டி என்ற ஒரே ஸ்வரத்தை நொடிக்கு ஒன்று வீதம் சன்னமாக வாசித்துக்கொண்டே இருக்கும். எதிலும் பட்டுக்கொள்ளாமல் வாசிக்கச் சொல்லி, இசை எழுதிய ஸ்கோரிலேயே குறிப்பு உண்டு. நடுவில் ஏதோ ஞாபகம் வந்தாற்போல் ஒரு சின்ன ஓட்டம், மறுபடியும் அதே டி. "இன்னும் சுருதி சேர்த்து முடிக்கலையா?" என்றார் நண்பர் என் காதில்.

சுமார் நாலு நிமிஷம் இப்படி. பிறகு டிரம்பெட்டுகள் அதட்டிக்கொண்டு குறுக்கே விழுகின்றன. தனிமனிதனை அதிகாரம் நசுக்கும் கதை என்றுதான் ரோஸ்ட்ரோபோவிச் இதைப் பார்த்தார். சோவியத் அரசின் கெடுபிடிக்கு ஆளான எழுத்தாளர் சோல்ஜெனிட்சினை ஆதரித்து அவர் பகிரங்கக் கடிதம் எழுதியதும் அதே அக்டோபர் கடைசியில்தான். லுட்டோஸ்லாவ்ஸ்கிக்கு இந்த அரசியல் விளக்கம் பிடிக்கவில்லை. எனக்கும் அன்று அரசியல் தோன்றவில்லை. வில் லேசாக நடுங்க நடுங்க, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் டி வாசித்துக்கொண்டிருந்த அந்தப் பையனும், மத்தியானம் அவனோடு கேன்டீனில் சாப்பிட்டிருக்கக்கூடிய மூன்று டிரம்பெட்காரர்களும்தான் தெரிந்தார்கள். உலகப் புகழ்பெற்ற கலைஞர் வாசித்தால் இந்தப் பதற்றம் கிடைக்காது. அவர் தப்பித்துவிடுவார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

என் வாதம் இதுதான். த்வோர்ஷாக்கில் பின்வரிசை வயலின்காரர் முன்னால் இருப்பவரின் வில்லைப் பார்த்தே ஒப்பேற்றிவிடலாம். இங்கே அது நடக்காது. பல இடங்களில் கண்டக்டர் தொடங்குவதற்கு மட்டும் கை காட்டுவார், பிறகு தாளம் கிடையாது. ஸ்வரங்கள் எழுதியபடிதான், ஆனால் அவரவர் தன் வேகத்தில், தனியாக வாசிப்பதுபோல் வாசிக்க வேண்டும். நண்பரின் மகள் இரண்டாம் வயலினில் கடைசி வரிசை. இடைவேளையில் வந்தவளிடம் கேட்டேன். "யாரையும் பார்த்து வாசிக்க முடியாது அங்கிள். ஒத்திகையில முதல் தடவை எல்லாரும் பயந்து நிறுத்திட்டோம்" என்று சிரித்தாள். அப்பா அப்போதும் த்வோர்ஷாக் என்றுதான் முணுமுணுத்தார்.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. தந்தி வாத்தியங்கள் எல்லாம் செல்லோவோடு ஒரே குரலாகச் சேரும், பாட்டுபோல நீளும் கான்டிலேனா பகுதியில் சுருதி அங்கங்கே பிசிறடித்தது. இரண்டாம் பாதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யரான சாய்கோவ்ஸ்கியின் இசை. சுத்தமாக வாசித்தார்கள், கைதட்டலும் அதற்குத்தான் அதிகம்.

கேட்க நினைப்பவர்களுக்கு: லுட்டோஸ்லாவ்ஸ்கியே நடத்த, ரோஸ்ட்ரோபோவிச் பாரிஸ் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த பதிவு இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மொபைல் ஸ்பீக்கரில் அந்த முதல் நாலு நிமிஷம் காதிலேயே விழாது.