தராசைக் கீழே வையுங்கள் பாஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை அடக்க ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாக அந்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே 'ஆமென்', 'வல்லமையான செய்தி' என்று கைகூப்பும் பொம்மைகள் வேறு. பெட்டியை இன்னும் மூடவில்லை. அக்கா பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மைக்கில் பாஸ்டர் சொல்கிறார்: "கடுகளவு விசுவாசம் இந்த வீட்டுல இருந்திருந்தா நம்ம சகோதரர் இன்னைக்கு எழுந்து நடந்திருப்பார்."

பதினோரு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், அந்தச் சகோதரரை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்வந்த மனுஷி அக்கா. அவரிடம் கடுகு இல்லையாம்.

சரி, கடுகையே எடுத்துக்கொள்வோம். கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையையும் நகர்த்தலாம் என்ற அந்த பைபிள் வசனம் எங்கே வருகிறது? வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையனை ஒரு தகப்பன் இயேசுவின் சீஷர்களிடம் கொண்டுவருகிறான். அவர்களால் முடியவில்லை. இயேசு வந்து குணமாக்குகிறார். அப்புறம் சீஷர்கள் தனியாகப் போய், எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் கடுகு வருகிறது. அதாவது ஜெபம் பண்ணப் போனவர்களைப் பார்த்துச் சொன்னது! அந்தத் தகப்பனோ, மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறபடி, நம்புகிறேன், என் அவநம்பிக்கைக்கும் நீரே உதவி செய்யும் என்று கதறியவன். பாதி நம்பிக்கை, பாதி பயம். அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையோடு வீட்டுக்குப் போனான்.

இரட்சிக்கிறவர் அவர். நாம் செய்வது கையை நீட்டுவது மட்டும். நீட்டிய கை நடுங்கினால் என்ன? நடுங்குகிற கையில் சோறு விழாதா?

இந்த 'விசுவாசம்' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஊர்ப் பேச்சில் நாய்க்கு விசுவாசம் உண்டு, முதலாளியிடம் வேலையாளுக்கு விசுவாசம் உண்டு. நிரூபித்துக் காட்ட வேண்டிய ஒன்று அது. 1995இல் வந்த தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'நம்பிக்கை' என்று போட்டிருக்கிறார்கள். வளர்ந்த பழக்கத்தில் எனக்குப் பழைய சொல்தான் வாயில் வருகிறது. ஆனால் பொருள் என்னவோ புதிய சொல்லில்தான் இருக்கிறது.

'அப்போ விசுவாசமே வேண்டாமா பிரதர்?' என்று வருவீர்கள். வேண்டும். யார் வேண்டாம் என்றது? அதற்கு எடை போடாதீர்கள் என்கிறேன். 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று ஆண்டவரே சொன்னாரே?' சொன்னார். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்டு, இருந்த காசையெல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்துத் தீர்த்த ஒருத்தியிடம், அவள் குணமான பிறகு, பயந்து நடுங்கி நின்றவளைத் தேற்றுவதற்காகச் சொன்னார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொல்லவில்லை. அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், 'முள்' என்று அவர் சொன்ன அந்த உபாதை போகவில்லை. அவருக்கும் கடுகு பற்றவில்லை போல!

இயேசுவின் சொந்த ஊரான நாசரேத்தில் ஜனங்களுடைய அவிசுவாசத்தினால் அற்புதம் நடக்கவில்லையே என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். முழுப் பதில் என்னிடம் இல்லை. அங்கேயும் சில நோயாளிகள் மேல் கை வைத்துக் குணமாக்கினார் என்று அதே இடத்தில் இருப்பதை மட்டும் படித்துப் பாருங்கள்.

'அபிஷேகம் பெற்றவர்களைக் குறை சொல்லாதே' என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. பிளாக் பண்ணிவிட்டுப் போங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2009. அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒரு குழு, போகும்போது என்னை வாசலுக்கு அழைத்து, "அம்மாவுக்குள்ள ஒரு தடை இருக்கு தம்பி, முழு விசுவாசம் வரல" என்றார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. நம்பினேன். அன்று ராத்திரி கஞ்சி ஊட்டும்போது கேட்டேவிட்டேன்: "நீ முழு மனசோட விசுவாசிக்கிறியாம்மா?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு வேணுமாம்?"

கிண்டல் இல்லை. மளிகைக் கடைக்குக் கிளம்பும்முன் கேட்கிற குரல். யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்று யோசிக்கிற முகம். நான் பதில் சொல்லாமல் அடுத்த கரண்டியை நீட்டினேன். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள்.

அவர்கள் வாசலில் நின்றுதான் சொன்னார்கள். உள்ளே போய் அம்மாவிடம் கேட்டது நான். ஆகவே மைக்கில் பேசிய அந்த பாஸ்டர் மேல் எனக்கு இருக்கிற கோபம் முழுக்க அவருக்குச் சேர வேண்டியதில்லை, தெரியும். மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பதினைந்து வருஷத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா வீட்டில் நாளைச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம். வர முடிந்தவர்கள் வாருங்கள். மைக் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.