ராக் இசையின் மிகச் சிறந்த முதல் ஆல்பம்: என் ஓட்டு பிளாக் சபாத்துக்கு

நேற்று ராத்திரி நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, ராக் குழுக்களின் முதல் ஆல்பங்களில் மிகச் சிறந்தது எது என்ற கேள்வி வந்தது. ஒருவர் லெட் செப்பலின் என்றார். ஒருவர் தி டோர்ஸ். இன்னொருவர் கன்ஸ் அண்ட் ரோசஸ். எல்லாமே பெரிய ஆல்பங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பல வருடங்களாக என்னிடம் இருப்பது ஒரே பதில். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று இங்கிலாந்தில் வெளியான 'பிளாக் சபாத்'. குழுவின் பெயரும் அதுதான், ஆல்பத்தின் பெயரும் அதுதான், முதல் பாட்டின் பெயரும் அதுதான். அங்கே முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கதை ஸ்டூடியோவில் தொடங்கவில்லை. பின்னாளில் இந்தக் குழுவின் கிட்டாரிஸ்டான டோனி அயோமி, பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியைச் சேர்ந்தவர், அப்போது அவருக்கு 17 வயது. தகரத் தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போவதாக முடிவாகி, வேலையை விடும் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவேண்டாம் என்றுதான் இருந்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பியது அம்மா. அன்றைக்குத் தகடுகளை அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டுபவர் வரவில்லை, அந்த மெஷினில் இவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். கிட்டாரில் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்.

பவர் பிரஸ் ஓடும் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கதையை முதலில் படித்தபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது. பிரஸ் இறங்கும் சத்தம் காதில் மட்டும் கேட்பதில்லை, தரை வழியாகக் காலுக்கும் ஏறும். அயோமியின் ரிஃப்களை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளை, கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தரைதான் ஞாபகம் வருகிறது.

இனி வாசிக்கவே முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலை ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஜாஸ் கிட்டாரில் உச்சம் தொட்டவர். அயோமி உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல்களுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனமான தந்தியை அழுத்தினால் வலி, அதனால் மெல்லிய பேஞ்ஜோ தந்திகளை மாட்டினார். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி தட்டுப்படாது, பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தும் சிக்கலான கார்டுகள் கைக்கு வராது. இரண்டு மூன்று ஸ்வரங்களை வைத்துக்கொண்டு அதைப் பெரிதாக, தடிமனாக ஒலிக்கவைக்கும் வழியைத் தேடினார். ஹெவி மெட்டல் என்று நாம் இன்று சொல்லும் கனத்த ராக் இசையின் அஸ்திவாரம் அந்தத் தேடல்.

குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர் கணக்கர் வேலைக்குப் பயிற்சி எடுத்தவர். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார், கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்த்தார், திருட்டு வழக்கில் சில வாரம் ஜெயிலிலும் இருந்தார். டிரம்ஸ் வாசித்த பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், அவர் கையில் அது கடைசிவரை இருந்தது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். 1969 அக்டோபர் 16. லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோ. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். இவர்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள், ஆஸி கூடவே நின்று பாடினார். 'விக்கட் வேர்ல்ட்' பாட்டு முடிந்ததும் அயோமியின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் போய்விட்டது. பழுது பார்க்க நேரம் இல்லை. மாற்றுக்கு வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரை எடுத்து மீதியை முடித்தார். அன்று முதல் எஸ்ஜிதான் அவருடைய அடையாளம்! முதல் பாட்டின் தொடக்கத்தில் வரும் இடி, மழை, மணியோசை எல்லாம் பிறகு சேர்த்தவை.

அந்த மழையும் மணியும் ஓய்ந்ததும் வரும் மூன்று ஸ்வரங்கள்தான் என் வாதத்தின் மையம். கீழே ஜி, ஒரு ஸ்தாயி மேலே ஜி, பிறகு நடுவில் சி ஷார்ப். நம் ஊர்க் கணக்கில் ச, மேல் ச, பிரதி மத்தியமம். மேற்கத்திய இசையில் இந்த இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர், சாத்தானின் இடைவெளி என்றும் சொல்வார்கள். அதே பிரதி மத்தியமம் கல்யாணியில் வரும்போது எவ்வளவு குழைவாக இருக்கிறது! அங்கே அது பஞ்சமத்தின் பக்கத்தில் இருக்கிறது, காதுக்குப் போக ஒரு வீடு உண்டு. அயோமி வீட்டைக் காட்டுவதே இல்லை. அந்த ஸ்வரத்தில் நின்று, அதை நடுங்கவிட்டு, மறுபடியும் கீழே இறங்கிவிடுகிறார். ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'தி பிளானட்ஸ்' தொகுப்பில் வரும் 'மார்ஸ்' மீது பட்லருக்குப் பைத்தியம். அதைப் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் இந்த ரிஃபின் விதை விழுந்தது.

இப்போது மற்றவர்களுக்கு வருகிறேன். லெட் செப்பலினின் முதல் ஆல்பம் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் பதிவானது, வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குழுவின் ஜிம்மி பேஜும் ஜான் பால் ஜோன்ஸும் அதற்கு முன்பே லண்டன் ஸ்டூடியோக்களில் பல வருடம் கூலிக்கு வாசித்துத் தேறியவர்கள். முதல் ஆல்பம் என்றாலும் அது முதல் அடி இல்லை. கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1967 ஆல்பத்துக்கு முன்னால் நான் தலைவணங்குவேன், ஆனால் அவரும் லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி பிரதர்ஸுக்கும் பின்னால் நின்று வாசித்துப் பழுத்துவிட்டுத்தான் வந்தார். ராமோன்ஸ் என்ற பங்க் குழுவின் முதல் ஆல்பம் மட்டும்தான் எனக்கு இரண்டாவது இடம். 1976, சுமார் 6,400 டாலர் செலவு, 14 பாட்டு, அரை மணி நேரம்கூட ஓடாது. அவர்களும் கையில் இருந்த கொஞ்சத்தை வைத்து ஒரு புதிய ஒலியைத் தொடங்கினார்கள். முதல் ஆல்பம் என்பதில் நான் தேடுவது அதைத்தான். நேற்றுவரை உலகத்தில் இல்லாத ஒரு சத்தம் இன்று இருக்கிறதா?

குறை இல்லையா? இருக்கிறது. 'ஈவில் வுமன்' வேறொரு குழுவின் பாட்டு, ஹிட் வேண்டும் என்று சேர்த்தது. ஆல்பத்தில் ஒட்டவே இல்லை. 'வார்னிங்' பத்து நிமிடத்துக்கு மேல் போகிறது, நடுவில் எனக்கே கவனம் சிதறும். அதே 1970இல் வந்த இவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 'பாரநாய்ட்' பாட்டுக்குப் பாட்டு இதைவிடச் சீரானது, ஒப்புக்கொள்கிறேன். அப்போதைய விமர்சகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பாங்ஸ், கிரீம் என்ற ராக் குழுவின் மட்டமான பிரதி என்ற ரீதியில் எழுதினார். ஆனால் ஜனங்கள் வாங்கினார்கள். பிரிட்டனில் 8ஆம் இடம், அமெரிக்காவில் 23. ஹிட் பாட்டு ஒன்றுகூட இல்லாமல்! அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்தது, தாங்கள் வாழ்ந்த இரைச்சல் ஒரு பாட்டில் கேட்டதே என்று அதிர்ந்துபோன தொழிற்சாலைப் பையன்கள் என்றுதான் நினைக்கிறேன்.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனிலேயே இருக்கும் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, சிம்மாசனம் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். பிளாக் சபாத்தாக வாசித்தது நாலே பாட்டு. அதில் ஒன்று 'என்.ஐ.பி.', 1969இல் அந்த ஒரே நாளில் பதிவுசெய்தது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22இல், ஆஸி போய்விட்டார்.

அந்தச் செய்தி வந்த இரவு நான் போட்டது முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைத்தான். நீங்கள் கேட்டதில்லை என்றால் ராத்திரியில், ஹெட்ஃபோனில் கேளுங்கள். மழை ஓயும்வரை தள்ளிவிடாதீர்கள். நாலரை நிமிடம் தாண்டியதும் பாட்டு ஓட ஆரம்பிக்கும், அங்கே பில் வார்டின் டிரம்ஸை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.