கடல்பாசிக் கஞ்சி குடித்தால் சர்க்கரை நோய் போய்விடுமா?

"48 நாள் கடல்பாசிக் கஞ்சி குடித்தால் சர்க்கரை நோய் வேரோடு போகும், மாத்திரையை நிறுத்திவிடலாம், குடலும் சுத்தமாகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆபத்தும்கூட.

இதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்மை என்னவென்றால், பழுப்புப் பாசியில் உள்ள ஆல்ஜினேட் என்ற நார்ச்சத்து வயிற்றில் கூழ் போலக் கெட்டியாகி, சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தாமதம்தான், குணமல்ல. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல்பாசியிலிருந்து சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு சாறு தயாரித்ததும் நிஜம்தான், ஆனால் அது பிரித்தெடுத்து, அளவு பார்த்து, காப்ஸ்யூலில் அடைத்த துணை உணவு. மண்டபம் கரையில் அள்ளிய பாசியைக் கஞ்சியில் போடுவதும் அதுவும் ஒன்றா என்ன?

குடல் விஷயமும் அப்படித்தான். ஜப்பானியர்கள் சாப்பிடும் நோரி என்ற பாசியை உடைக்கும் மரபணு, கடல் பாக்டீரியாவிடமிருந்து ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாவுக்குத் தாவியிருப்பதை 2010இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவால் அவர்கள் குடலில் பாசி உடைவது போல நம் குடலிலும் நடக்கும் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் அயோடின். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கெல்ப் என்ற பழுப்புப் பாசி வகையில் ஒரே கிராமில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம், தைராய்டு தொல்லை உள்ளவர்கள் கவனம்.

சிலர் நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசியையே (அகர் அகர்) மருந்தாக நினைக்கிறார்கள். சரி, அதுவும் நார்ச்சத்துதான். ஆனால் அது பாத்திரத்தில் கரைந்ததும் பாலோடு இரண்டு டம்ளர் சீனியையும் கொட்டுகிறோமே!