மிச்சம் எங்கே, மாஸ்டர்?

கோயம்புத்தூரில் ஒரு சைவ ஹோட்டல். ஆறு கிளைகள் உள்ள குழுமம். இது மூன்றாவது கிளை. பெயர் வேண்டாம், நாளைக் காலையும் நான் அங்கேதான் காபி குடிக்கப் போக வேண்டும். சரக்கு மாஸ்டருக்கு அடுப்படியில் முப்பது வருஷம். சூப்பர்வைசருக்குக் கல்லாப் பக்கம் எட்டு மாசம். டிபன் கூட்டம் போய், சாப்பாட்டுக் கூட்டம் வராத பதினொரு மணி.

சூப்பர்வைசர்: மாஸ்டர், ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு நல்ல சேதி. ஒரு தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். தினமும் ராத்திரி பத்து மணிக்கு வண்டி வரும். கடையில் மிஞ்சுகிற சாப்பாட்டை எடுத்துப்போய் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள்.

மாஸ்டர்: நல்ல காரியம்தானுங்க. எந்தக் கிளையில் மிஞ்சுகிறது?

சூப்பர்வைசர்: எல்லாக் கிளையிலும்தான். நம் கிளையிலும்.

மாஸ்டர்: (கரண்டியைக் கீழே வைத்துவிட்டு) தம்பி, என் சாம்பாரைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னாங்களா?

சூப்பர்வைசர்: ஐயோ, சாம்பாரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இது உலகப் பிரச்சினை மாஸ்டர். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கெடுத்திருக்கிறது. 2022-ல் மட்டும் 105 கோடி டன் சாப்பாடு வீண். அதில் 28 சதவீதம் நம்மைப் போன்ற உணவகங்களில்.

மாஸ்டர்: மீதி?

சூப்பர்வைசர்: கடைகளில் 12. வீடுகளில் 60.

மாஸ்டர்: அப்போ வண்டியை முதலில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. என் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் போன வாரத்துப் புளிக்குழம்பு இருக்கும். வாயைத் திறந்தால், "ஊருக்கெல்லாம் சமைக்கிறீங்க, வீட்டுக்கு ஒரு நாள் சமைங்களேன்" என்பாள். மூடிவிடுவேன். வாயையும் ஃபிரிட்ஜையும்.

சூப்பர்வைசர்: இதைப் பிடியுங்க. தெர்மாமீட்டர்.

மாஸ்டர்: யாருக்குக் காய்ச்சல்?

சூப்பர்வைசர்: சாம்பாருக்கு. அதாவது, சூடாகக் கொடுப்பது 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆற வைத்தால் சீக்கிரம் 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். நடுவில் கிடந்தால் கிருமி வளரும். சோற்றில் ரொம்ப.

மாஸ்டர்: தேங்காய்ச் சட்னி மத்தியானம் தாண்டாது, மூடி வைத்த பொங்கல் ராத்திரிக்குள் ஊசிப்போகும். இதைச் சொல்ல எனக்கு மூக்கு போதும்.

சூப்பர்வைசர்: மூக்கை ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது. டிகிரியில்தான் எழுத வேண்டும். அப்புறம், பாத்திரத்தின் மேல் "விற்பனைக்கு அல்ல" என்று சீட்டு ஒட்ட வேண்டும். மிஞ்சிய உணவைக் கொடுப்பதற்கென்றே 2019-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது.

மாஸ்டர்: என் பொங்கலின் மேலா? விற்பனைக்கு அல்ல என்றா? காலை ஏழரைக்கு வந்து பாருங்க, அது விற்பனைக்கா இல்லையா என்று.

சூப்பர்வைசர்: மிஞ்சினால் மட்டும்தான் மாஸ்டர்.

மாஸ்டர்: இதெல்லாம் நம் ஊருக்குப் புதுசா? 2014-லேயே இங்கே "நோ ஃபுட் வேஸ்ட்" என்று ஆரம்பித்து, விசேஷ வீட்டில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போனார்கள். அது நியாயம். மண்டபத்தில் ஐநூறு பேருக்கு இலை சொல்லியிருப்பான். பாதிப் பேர் மொய் எழுதிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிடுவான். ஹோட்டலில் ஏன் மிஞ்ச வேண்டும்? இங்கே ஆள் பசித்து வருகிறான், காசு கொடுக்கிறான். சரி, இனி மிஞ்சாது. எழுதி வைத்துக்கொள்ளுங்க.

*

பத்து நாள் கழித்து, அதே பதினொரு மணி. சூப்பர்வைசர் கையில் ரெஜிஸ்டர், முகத்தில் களை இல்லை.

சூப்பர்வைசர்: மாஸ்டர், பத்து நாளாகச் சைபர். மற்ற கிளைகளில் 15 கிலோ, 20 கிலோ என்று எழுதுகிறார்கள். நம் கிளைக்கு ஈடுபாடு இல்லை என்று மெயில் வந்திருக்கிறது.

மாஸ்டர்: மிச்சம் கூடாது என்றுதானே சொன்னீங்க?

சூப்பர்வைசர்: கூடாதுதான். ஆனால் கொடுப்பதற்கு மிச்சம் வேண்டும்.

மாஸ்டர்: இன்னொரு தடவை சொல்லுங்க.

சூப்பர்வைசர்: எனக்கே இரண்டாவது தடவை சொல்ல வரவில்லை. ஆமாம், எப்படி மிஞ்சாமல் போனது?

மாஸ்டர்: மூன்று மணிக்கு எச்சில் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நீங்க ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கீங்களா? வியாழக்கிழமை பீட்ரூட் பொரியல், வைத்தது வைத்தபடி திரும்பி வந்திருக்கிறது. ஒரு துண்டுகூடக் கலையவில்லை. என் கையால் தாளித்தது, தம்பி. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சூப்பர்வைசர்: அடடா.

மாஸ்டர்: சோற்றைக் கேளுங்க. பெரிய கரண்டியால் இரண்டு போடு போடுகிறான் சப்ளையர். சாப்பிடுகிறவர் கையை நீட்டி மறைப்பதற்குள் இலையில் மலை. அந்தக் கரண்டியை எடுத்து ஸ்டோர் ரூமில் ஒளித்துவிட்டேன். இப்போது சின்னக் கரண்டி. கேட்டுக் கேட்டு மூன்று தடவை போடுகிறான். ஒருத்தரும் பசியோடு எழுந்து போகவில்லை, "நல்லாக் கவனிக்கிறாங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறார்கள். அரிசியில் மட்டும் நாலு கிலோ குறைந்திருக்கிறது. ராத்திரி ஆள் உட்கார்ந்த பிறகுதான் இட்லித் தட்டு அடுப்பில் ஏறும். மீதி மாவு ஃபிரிட்ஜில் தூங்கட்டும்.

சூப்பர்வைசர்: எச்சில் பட்டதை எப்படியும் அவர்கள் எடுக்க மாட்டார்கள் மாஸ்டர். வாளிக்கு ரெஜிஸ்டரில் கட்டமே இல்லை. தொடாத சாப்பாடுதான் கணக்கு.

மாஸ்டர்: அப்போ நான் குறைத்த நாலு கிலோ எங்கே எழுதுவீங்க?

சூப்பர்வைசர்: அதற்கும் கட்டம் இல்லை. மாஸ்டர், விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை எம்.டி. வருகிறார். வண்டியில் பாத்திரத்தை ஏற்றுகிற மாதிரி போட்டோ. ஒரு பத்து கிலோ...

மாஸ்டர்: ஒரு பத்து கிலோ?

சூப்பர்வைசர்: மிச்சம் செய்து கொடுங்களேன்.

மாஸ்டர்: மிச்சத்தை எப்படிங்க செய்வது? வெங்காயம் போட்டா, போடாமலா?

சூப்பர்வைசர்: சாம்பார் சாதம் மாதிரி கொஞ்சம் கூடுதலாக...

மாஸ்டர்: கூடுதலாகச் செய்து கொடுத்தால் அதற்குப் பேர் அன்னதானம். நெய் விட்டு, முந்திரி வறுத்துப் போட்டுப் பிரமாதமாகச் செய்கிறேன். பில்லை எம்.டி. பேரில் போடுங்க.

சூப்பர்வைசர்: கேட்டுப் பார்த்தேன். அன்னதானத்துக்குப் பட்ஜெட் இல்லையாம். மிச்சத்துக்குத்தான் இருக்கிறதாம்.

மாஸ்டர்: (இரக்கப்பட்டு) ஒரு வழி இருக்கிறது. மழை. மழை, பந்த், பெரிய மேட்ச், இந்த மூன்றுக்கும் என் கணக்கு நிற்காது. வெள்ளிக்கிழமை மழை பெய்தால் உங்களுக்கு மிச்சம் உண்டு. வேண்டிக்கொள்ளுங்க.

*

வெள்ளிக்கிழமை, ராத்திரி எட்டரை. சூப்பர்வைசர் வாசலில் நின்று, மானாவாரி விவசாயி மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் துளி விழுந்ததும் உள்ளே ஓடுகிறார்.

சூப்பர்வைசர்: மழை மாஸ்டர், மழை!

மாஸ்டர்: எனக்குக் காது இருக்கிறது. ஒரு அண்டா கிச்சடி கிளறி இறக்கி வைத்திருக்கிறேன். நீங்க சிரிக்கிறீங்க.

சூப்பர்வைசர்: சீட்டு எழுதிவிட்டேன். ஒட்டிவிடட்டுமா?

மாஸ்டர்: பத்து மணி ஆகட்டும். என் கண் முன்னால் ஒட்டாதீங்க.

(கால் மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் மறுபடி வருகிறார். சிரிப்பு இல்லை.)

சூப்பர்வைசர்: மாஸ்டர், பஸ் ஸ்டாப் கூரை ஒழுகுகிறதாம். அங்கே நின்றவர்கள் மொத்தமும் நம் கடைக்குள். ஒதுங்க வந்தவர்கள்தான். ஆனால் சும்மா நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கிச்சடி கேட்கிறார்கள்.

மாஸ்டர்: கேட்டால் கொடுங்க.

சூப்பர்வைசர்: கொடுத்தால் தீர்ந்துவிடுமே!

மாஸ்டர்: (அண்டாவைத் தன் பக்கம் இழுத்தபடி) தம்பி, நீங்க கல்லாவுக்குப் போங்க. இந்தக் கிளையில் யாராவது ஒருத்தர் ஹோட்டல் நடத்த வேண்டாமா?

(பத்தேகால். அண்டா காலி. மழை விடவில்லை.)

சூப்பர்வைசர்: எம்.டி. அவிநாசி ரோட்டில் தண்ணீரில் மாட்டிக்கொண்டாராம், வரவில்லை. வண்டி மட்டும் வந்துவிட்டது. இரண்டு காலேஜ் பசங்க. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கையில் காலிப் பாத்திரம். நான் என்ன சொல்லட்டும்?

மாஸ்டர்: துண்டு கொடுத்து உட்காரச் சொல்லுங்க. கல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. இரண்டு ரவா ரோஸ்ட். பில் போடாதீங்க.

சூப்பர்வைசர்: (ஆசையோடு ரெஜிஸ்டரைத் திறந்து) இதையாவது எழுதிக்கொள்கிறேன். பொருள், ரவா ரோஸ்ட். எண்ணிக்கை, இரண்டு. எடை?

மாஸ்டர்: முறுகல் ரோஸ்ட்டுக்கு என்னங்க எடை.

சூப்பர்வைசர்: மிஞ்சியதற்குக் காரணம்?

மாஸ்டர்: மிஞ்சவில்லை.

சூப்பர்வைசர்: அப்படி எழுத இடம் இல்லை மாஸ்டர். சரி, வெப்பநிலை? அறுபதுக்கு மேலா, கீழா?

மாஸ்டர்: ஜன்னலோரம் இருக்கிற பையனைப் பாருங்க. முதல் வாய் வைத்துவிட்டு "உஸ்" என்று ஊதுகிறான். அதையே எழுதுங்க.