விற்றமின் குளிசைக் கணக்கில் வராதோ?

"வேற என்ன குளிசை எடுக்கிறீங்கள்?" என்று டொக்டர் கேட்டார். "ஒண்டும் இல்லை" என்று அக்கா சொன்னா. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் அவவின் கைப்பைக்குள் பயோட்டின் என்ற விற்றமின் குளிசைப் போத்தல் இருந்தது.

டெங்குக் காய்ச்சல் மாறி இரண்டரை மாதம் போக அக்காவுக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கியது. வெள்ளவத்தை வீட்டில் குளிக்கிற அறையின் தண்ணி போற ஓட்டையை ஒவ்வொரு நாளும் நான்தான் கிளறினேன், ஒரு பிடி மயிர் வரும். கனடாவில இருக்கிற மச்சாளுக்கு விஷயம் எட்டியதும் பார்சலில் போத்தல் வந்துவிட்டது. லேபலில் 10,000 மைக்ரோகிராம்.

வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும் என்பதுதான் கணக்கு. பால் கொடுக்கிற தாய்க்கு 35. ஒரு அவிச்ச முட்டையில் ஏறத்தாழ 10 இருக்கு. அப்படியென்றால் அக்கா தினமும் ஒரு குளிசையில் ஆயிரம் முட்டை விழுங்கிக்கொண்டிருந்தா! ஈரல், மீன், வத்தாளங்கிழங்கு, சூரியகாந்தி விதை எல்லாத்திலும் இந்தச் சத்து இருக்கு. சாதாரணமாகச் சாப்பிடுகிற ஆளுக்கு இது குறைவது மிக அரிது. பயோட்டினிடேஸ் என்ற நொதியம் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இது உயிர் காக்கும் மருந்து, அது வேறு கதை. சத்துக் குறையாத ஆளுக்கு மயிர் வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

முட்டை என்றதும் ஞாபகம் வருது. பெரியபிள்ளையான நேரம் அம்மம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்து மூக்கைப் பொத்திக் குடிக்க வைத்தவ. பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கு, அது பயோட்டினை இறுகப் பிடித்து உடம்பில் சேர விடாது. அவித்தால் அதன் பிடி விட்டுவிடும். சில நாள் குடித்ததால் ஒன்றும் நடக்காது, வாரக்கணக்கில் நிறையக் குடித்தால்தான் சிக்கல். ஆனபடியால் அம்மம்மா தப்பினா.

இனி அக்காவின் கதை. மயிர் கொட்டுது என்று தைரொயிட் பரிசோதனை எழுதினார்கள். ரிப்போர்ட்டில் தைரொயிட்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுற டி.எஸ்.எச். நல்லாக் குறைவு, தைரொயிட் சுரக்கிற டி4 அதிகம். "தைரொயிட் கூடிப்போச்சு, மருந்து தொடங்க வேணும்" என்றார்கள். வீடே சாவீடு மாதிரி ஆனது. ஆனால் ஆளைப் பார்த்தால் மெலியவில்லை, கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டொக்டர்தான் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "தலைமயிருக்கு, நகத்துக்கு எண்டு ஏதும் விற்றமின் போடுறீங்களோ, பிள்ளை?" அக்கா போத்தலை எடுத்து மேசையில் வைத்தா. மனிசன் லேபலைப் பார்த்துச் சிரித்தார்.

விஷயம் இதுதான். சில லெப்களில் பாவிக்கும் பரிசோதனை முறையே, தேடுற பொருளைப் பிடிக்க பயோட்டினை ஒரு கொளுக்கி மாதிரி வைத்துத்தான் வேலை செய்யுது. காலையில் பாணந்துறையில் இருந்து வருகிற 100ஆம் இலக்க பஸ்ஸை நினையுங்கோ. வெள்ளவத்தைக்கு வரும்போதே சீட் எல்லாம் நிறைந்திருக்கும், எங்கட சனம் ஹோல்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கோட்டையில் இறங்குகிற ஆக்களை மட்டும் எண்ணினால் வெள்ளவத்தையில் மனிசரே இல்லை என்றுதான் தோன்றும். குளிசையில் இருந்து வந்த பயோட்டின் சீட்டைப் பிடித்துவிட்டது, டி.எஸ்.எச். வெளியில் நின்றுவிட்டது, மெசின் "குறைவு" என்று எழுதியது. டி4 பார்க்கிற முறை இதற்கு மறுவளம், அதில் "அதிகம்" என்று காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தைரொயிட் வருத்தத்தின் அச்சு அசல் படம்.

தைரொயிட்டோடு நின்றால் பரவாயில்லை. மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனினும் இதே மாதிரிப் பொய்யாகக் குறைந்து காட்டலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டபோது ஒரு மரணத்தையும் குறிப்பிட்டது. எல்லா மெசினும் இப்படி இல்லை. ஆனால் எங்கட இரத்தம் எந்த மெசினுக்குப் போகுது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் டொக்டரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டார், நாங்கள்தான் சொல்லவில்லை. எங்கட சனத்துக்கு குளிசை என்றால் பிரஷருக்கும் சீனிக்கும் போடுறது. வெளிநாட்டில் இருந்து சொக்லட்டோடு வருகிற போத்தல் பலகாரக் கணக்கு. தைரொயிட் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாளைக்கு முன்னமே பயோட்டினை நிறுத்தச் சொல்லுகிறார்கள். டொக்டரே மருந்தாக எழுதித் தந்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அக்கா ஒரு கிழமை நிறுத்திவிட்டுத் திரும்ப இரத்தம் கொடுத்தா. தைரொயிட் சுத்தம். குறைந்திருந்தது இரும்புச்சத்து. சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தை முதலில் விடச் சொன்னார் டொக்டர், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். அக்காவுக்கு மருந்து தொடங்கச் சொன்னதை விட இதுதான் பெரிய அதிர்ச்சி.

காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுகிற மயிர் சில மாதத்தில் தானாகவே திரும்ப முளைக்கும். அக்காவுக்கும் இப்ப நெற்றியோரம் பூனைமயிர் மாதிரி எழும்பி நிற்குது. மச்சாளின் மனம் நோகக் கூடாது என்று அதைப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பியிருக்கிறா. அடுத்த மாதம் இரண்டு போத்தல் வருகுதாம்.