பிள்ளைகளுக்கான மர்மக் கதையில் வரலாறுதான் துப்பாக இருக்கவேண்டும்

மட்டக்களப்பை வைத்து இளையோருக்கு வரலாற்று மர்ம நாவல் எழுத நினைக்கிற எல்லாரும் முதலில் கோட்டைக்குள்தான் நுழைகிறார்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, ஒரு சுரங்கம், ஒரு புதையல். இரண்டாம் அத்தியாயத்தில் அம்மப்பா ஒருவர் திண்ணையில் இருந்துகொண்டு ஆறு பக்கத்துக்குச் சரித்திரம் சொல்லுவார். தரம் 8 படிக்கிற பிள்ளை அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடும். பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

கதையை அப்படியே இன்றைக்கு மாற்றினாலும் குற்றவாளி பிடிபடுவான் என்றால் அதில் வரலாற்றுக்கு என்ன வேலை? அந்தக் காலத்து நிலைமையே முடிச்சைப் போடவும் வேண்டும், அவிழ்க்கவும் வேண்டும்.

கல்லடியையும் நகரம் இருக்கும் புளியந்தீவையும் வாவிக்கு மேலால் இணைக்கும் கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. மட்டக்களப்புக்கு ரயில் 1928இல். கதை 1923இல் நடந்தால், கல்லடியில் இருந்து இரவில் புளியந்தீவுக்கு வந்தவன் வாவியைத் தோணியில்தான் கடந்திருப்பான். அப்படியானால் தோணிக்காரன் ஒரு சாட்சி. 1926 என்றால் அந்தச் சாட்சி போய்விடுகிறது, ஆனால் ஆள் ரயிலேறித் தப்ப வழியில்லை. மூன்று வருட வித்தியாசத்தில் புலன்விசாரணையே வேறாகிவிடுகிறது. அதனால் 'வெள்ளைக்காரன் காலத்தில்' என்று பொதுவாக எழுதாமல், வருடத்தையும் மாதத்தையும் முதலில் முடிவுசெய்யுங்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியும் நல்ல களம். அதில் அடிக்கடி வரக்கூடிய கரு, புயலில் காணி உறுதி அழிந்து குடும்பம் காணியை இழப்பது. இது சட்டென்று உடைந்துவிடும். நொத்தாரிசு எழுதும் உறுதியில் மூலம் உரியவரிடம் போகும், ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். வீட்டில் இருந்த ஒன்று நனைந்ததால் உரிமை போய்விடாது. இதையே திருப்பிப் போடுங்கள்: மூலத்தைக் களவாக எரித்துவிட்டுப் புயலின் மேல் பழியைப் போட்டவன் பதிவகப் பிரதியை மறந்துவிட்டான். இப்போது துப்பு பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது.

காணி என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கத்து வழமையில் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். தகப்பன் வீட்டுக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளும் கதையை வேறு ஊரில் இருந்து தூக்கிவந்தால் இங்கே ஒட்டாது. கொலைக்கான காரணத்தை மகள்மாரின் கலியாணத்தில் தேடுங்கள்.

நிலவையும் கவனியுங்கள். சூறாவளி இரவு பௌர்ணமி கழிந்து எட்டு ஒன்பது நாள். மேகம் மூடாவிட்டாலும் நள்ளிரவுக்கு முன் நிலவு எழும்பியிராது. 'நிலா வெளிச்சத்தில் அவன் முகத்தைக் கண்டாள்' என்று எழுதினால் சாட்சியமே பொய்யாகிவிடும். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

எழுதத் தொடங்கமுதல் இரண்டு தாள் தேவை. ஒன்றில் குற்றவாளி என்ன செய்தான் என்று மணிவாரியாக. மற்றதில் பிள்ளை எதை எந்த ஒழுங்கில் கண்டுபிடிக்கிறது என்று. முப்பதாயிரம் சொல்லுக்கு நான்கு சந்தேக நபர் போதும். ஏழு பேர் வந்தால் பெயரே நினைவில் நிற்காது. முக்கியத் துப்பை முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், வேறு நாலு சாமான்களோடு சேர்த்துக் காட்டிவிடவேண்டும். கடைசியில் பொலிஸ் மாமா வந்து விளக்கம் சொல்லக் கூடாது. 1923இல் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை தனியே ஊர் சுற்றமாட்டாள்தான். ஆனால் குசினியில் பெரியம்மாமார் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். ஒரு பொலிஸ்காரனுக்கும் கிடைக்காத வாக்குமூலம் அது.

கையெழுத்துப் பிரதி முடிந்ததும் முதல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து, ஆளையும் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்து பேரும் சரியாகச் சொன்னால் துப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒருவருமே சொல்லாவிட்டால், முடிவை வாசித்தபின் அந்தத் துப்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.