பிள்ளையிடம் வேண்டுமென்றே தோற்காதீர்கள்

வீட்டில் வீடியோ கேம் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போவதில்லை. எவ்வளவு நேரம் விடலாம், கண்ணுக்கு ஏதாவது ஆகுமா. கூடவே உட்கார்ந்து விளையாடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களும் அதை ஒரு கண்காணிப்பு வேலையாகத்தான் சொல்கிறார்கள், பரீட்சை ஹாலில் வாத்தியார் உலாத்துவது மாதிரி. எனக்கு அதில் ஆர்வமில்லை. பிள்ளையோடு விளையாட உட்கார்ந்தால் நிஜமாகவே விளையாட வேண்டும், ஜெயிக்கப் பார்க்க வேண்டும், தெரியாத மாதிரி நடித்து வேண்டுமென்றே தோற்கக் கூடாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனால் இதைச் சொன்னால் "சின்னக் குழந்தைகிட்ட போயா?" என்று முகம் சுளிக்கிறார்கள்.

சின்னக் குழந்தைக்குத்தான் அது முதலில் தெரிந்துவிடும். நாம் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது, கோட்டுக்கு முன்னால் சும்மா நிற்பது, "அய்யோ விழுந்துட்டேனே" என்று போலியாகக் கத்துவது, எல்லாமே. ஆறு வயதில் அதைச் சொல்ல வார்த்தை இருக்காது, ஆனால் அந்த வெற்றியை அவர்கள் பெரிதாகக் கொண்டாடுவதில்லை, கவனித்துப் பாருங்கள்.

செஸ் மாதிரி விளையாட்டுகளில் பெரியவர்களுக்கு வேறு வழியில்லை, உண்மையாக ஆடினால் குழந்தை எப்போதும் தோற்கும், இல்லாவிட்டால் நாம் நடிக்க வேண்டும். பாம்பு ஏணியில் திறமைக்கே வேலையில்லை, தாயக்கட்டை சொன்னபடி நகர வேண்டியதுதான். டிவியோடு இணைக்கும் கன்சோல் மெஷினில் ஆடும் நல்ல கேம்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன, அதுவும் ரொம்ப யோசித்து.

நின்டெண்டோவின் கார் ரேஸ் கேமான மரியோ கார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸில் முதலில் போகிறவருக்கு வழியில் இருக்கும் பெட்டியிலிருந்து கிடைப்பது வாழைப்பழத் தோல், காசு, இப்படி அற்பமானவை. கடைசியில் வருகிறவருக்கு எல்லோரையும் சுருக்கிவிடும் மின்னல், தானாகவே பறந்து முன்னால் கொண்டுபோய் விடும் தோட்டா என்று பெரிய பெரிய ஆயுதங்கள். முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப் போய் அடிக்கும் நீல ஆமை ஓடு 1996இல் மரியோ கார்ட் 64இல் வந்தது, அதைத் திட்டாத சீரியஸ் ஆட்டக்காரர்கள் கிடையாது. திறமைக்கு மதிப்பில்லாமல் போகிறது என்பது அவர்கள் வாதம். அவர்களுக்குள் ஆடும்போது நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு சோபாவில் நாற்பது வயதும் ஏழு வயதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நீல ஓடுதான் இரண்டு பேரையும் ஒரே ரேஸில் வைத்திருக்கிறது. நான் முழு பலத்தோடு ஓட்டலாம், அப்படியும் கடைசித் திருப்பத்தில் தோற்கலாம், அந்தத் தோல்வியில் கலப்படம் இல்லை. 2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஸ்மார்ட் ஸ்டியரிங் என்று ஒன்று உண்டு, வண்டி பாதையை விட்டு விழாமல் பிடித்துக்கொள்ளும், ஆக்சிலரேட்டரையும் தானாக அழுத்தும்படி வைக்கலாம். நாலு வயதுக் குழந்தைகூட ரேஸை முடித்துவிடும். இதில் எனக்குப் பிடித்ததே வேறு. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் சில குறுக்கு வழிகளுக்குள் நுழைய முடியாது. அதனால் பிள்ளைக்கு ஓட்டத் தெரிந்த பிறகு அந்தக் குறுக்கு வழி வேண்டுமென்று பிள்ளையே அந்த உதவியை அணைத்துவிடும். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சேர்ந்து ஆடும் கேம்களிலும் இதே யோசனை வேறு வேறு உருவத்தில் இருக்கிறது. 2007இல் சூப்பர் மரியோ கேலக்ஸியில் இரண்டாவது ஆள் ரிமோட்டைத் திரையை நோக்கிக் காட்டி நட்சத்திரத் துணுக்குகளைப் பொறுக்கலாம், எதிரியை அசையாமல் பிடித்து வைக்கலாம், சாவே கிடையாது. 2017இல் சூப்பர் மரியோ ஒடிசியில் ஒருவர் மரியோ, இன்னொருவர் அவன் தொப்பி. நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ டீலக்ஸில் நாபிட் என்ற கேரக்டரை எடுத்தால் எதிரிகள் மோதினாலும் ஒன்றும் ஆகாது, பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் கோபைலட் என்று ஒரு வசதி இருக்கிறது, கையில் பிடித்து ஆடும் இரண்டு கன்ட்ரோலரை ஒரே கன்ட்ரோலராகச் சேர்த்துவிடும், நடப்பது பிள்ளை, குதிப்பது நாம் என்று பிரித்துக்கொள்ளலாம். உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு ரொம்பவே உதவுகிற வசதி அது, பெற்றோர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பெரும்பாலான வீடுகளில் மரியோவைப் பெரியவர் எடுத்துக்கொண்டு தொப்பியைக் குழந்தையிடம் கொடுப்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எந்தப் பக்கம் போவது, எந்தச் சுவரில் ஏறுவது, எந்த மூலையில் அரை மணி நேரம் ஒன்றுமில்லாமல் குதித்துக்கொண்டிருப்பது என்பதெல்லாம் மரியோ கையில் இருக்கிறது, அது பிள்ளையிடம் இருக்கட்டும். நமக்குத்தான் லெவலை முடிக்கும் அவசரம். அவர்களுக்கு அந்த அவசரமே இல்லை. அப்புறம், கஷ்டமான இடம் வந்ததும் "இங்க கொடு, நான் தாண்டித் தரேன்" என்று கன்ட்ரோலரைப் பிடுங்குவது. வேண்டுமென்றே தோற்பதும் இதுவும் ஒரே சங்கதிதான், உன்னால் ஆகாது என்று இரண்டு விதமாகச் சொல்கிறோம். அவர்களே கேட்டால் மட்டும் வாங்குங்கள்.

பத்து வயதைத் தாண்டியதும் கதை மாறிவிடும், இங்கேதான் எனக்குச் சுவாரசியமே ஆரம்பித்தது. இப்போதைய முப்பரிமாண கேம்களில் கன்ட்ரோலரின் இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க. சின்ன வயதிலிருந்து பழகியவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி, எனக்கு இன்னும் வரவில்லை. "அம்மா, நீ வானத்தையே பார்த்துட்டு நடக்குற" என்று என் மகள் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் செய்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிரிகள் வராத ஒரு வெட்டவெளிக்கு என்னைக் கூட்டிப்போய், முதலில் பார்க்க மட்டும் பழகு, அப்புறம் நட, ரெண்டையும் சேர்க்காதே என்று பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுத்தாள். கணக்குப் பாடத்தில் எரிச்சல்படும் அதே பிள்ளை. யாரும் அவளுக்கு இப்படிச் சொல்லித்தரக் கற்றுக்கொடுத்ததில்லை. வீட்டில் அவளுக்கு உண்மையாகவே என்னைவிட அதிகம் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது, அதை நான் நடிக்காமல் ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாம் நடித்துப் பழக்கியிருந்தால் இந்த இடத்திலும் நடிக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பாள்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா காய்ன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வயதுக்கு ஏற்ற கேம்களைப் பெற்றோரோடு ஆடும் வளரிளம் பெண்களுக்குக் குடும்பத்தோடு நெருக்கம் அதிகமாக இருந்தது. பையன்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இதை வைத்து கேம் ஆடினால் நெருக்கம் வரும் என்று சொல்லிவிட முடியாது, ஏற்கெனவே நெருக்கமாக இருக்கிறவர்கள் சேர்ந்து ஆடுகிறார்கள் என்றும் இருக்கலாம். நான் மார்க்குக்காகவோ நெருக்கத்துக்காகவோ ஆடவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, ஆடுகிறேன்.

கூட ஆடுவதால் கிடைக்கிற ஒரு நடைமுறை லாபத்தைச் சொல்லியாக வேண்டும். "அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணு" என்பது கேம் ஆடாதவர்கள் போடும் உத்தரவு. சில கேம்களில் அடுத்த சேவ் பாயின்ட், அதாவது ஆடியதைக் கேம் பதிந்துகொள்ளும் இடம், வருவதற்குள் அணைத்தால் அதுவரை செய்தது போய்விடும். ஆன்லைன் மேட்சை நடுவில் நிறுத்தி வைக்கவே முடியாது, வெளியே வந்தால் கூட ஆடுகிற நண்பர்கள் மாட்டிக்கொள்வார்கள். "இந்த மேட்ச் முடிஞ்சதும் நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள், சண்டை பாதியாகும். மிச்சப் பாதி இருக்கத்தான் செய்யும். கால்பந்து கேமில் காசு கொடுத்து ஆட்டக்காரர் பாக்கெட் வாங்கச் சொல்லி எத்தனை விதமாக ஆசை காட்டுகிறார்கள் என்பதும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். உள்ளே யார் வருவார் என்று தெரியாமல் வாங்குவது சூதாட்டம் மாதிரி இருக்கிறது என்று நாம் சொல்லி, பிள்ளை ஒப்புக்கொள்ள வேண்டுமானால், நமக்கும் அந்த கேமைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இருக்கும் பெரிய கோபம் கேம் செய்கிறவர்கள் மேல்தான். ஒரே டிவியில் திரையைப் பிரித்து ஆடும் வசதி குறைந்துகொண்டே போகிறது. திரையைப் பிரித்தால் ஒரே நேரத்தில் இரண்டு காட்சிகளை வரைய வேண்டும், மெஷினுக்குச் சுமை, உண்மைதான். ஆனால் 2001இலேயே இருவர் ஒரே திரையில் ஆடும்படி வந்த ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை கேம், 2015இல் ஐந்தாவது பாகத்தில் அதைத் தூக்கிவிட்டது, அடுத்த பாகத்தின் கதைப் பகுதிக்குத் தருவதாகச் சொல்லி 2022இல் கைவிட்டார்கள். (அது சின்னப் பிள்ளைகளுக்கான கேம் இல்லை, உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு டிவி, ஆளுக்கொரு அறை என்று ஆனால் அப்புறம் சேர்ந்து ஆடுவது எங்கே?

அதனால்தான் ஸ்வீடனின் ஹேஸ்லைட் என்ற கேம் நிறுவனத்து ஆட்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. 2021இல் வந்த அவர்களுடைய இட் டேக்ஸ் டூவைத் தனி ஆளாக ஆடவே முடியாது, இரண்டு பேருக்கும் எப்போதும் வேறு வேறு வேலை. அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை தி கேம் அவார்ட்ஸில் வாங்கியது. ஆனால் கார்ட்டூன் மாதிரி இருக்கிறதே என்று சின்னக் குழந்தையோடு உட்கார்ந்துவிடாதீர்கள். கதையே விவாகரத்து செய்யப்போகும் ஒரு அப்பா அம்மாவைப் பற்றியது. இருவரும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். தங்கள் மகள் அழுதால் பழைய உருவம் திரும்பும் என்று நம்பி, அவளுக்கு உயிரான பொம்மை யானையை அவர்களே அழிக்கப் போகும் காட்சி ஒன்று வரும். யானை கெஞ்சும், பட்டனை அழுத்துவது நாமும் நம் பிள்ளையும். என் மகள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். அழுத்தினால்தான் கதை நகரும் என்று சொல்லிப் பார்த்தேன். "நகர வேண்டாம்" என்றாள். அன்றைக்கு மிச்ச நேரம் மரியோ கார்ட் ஆடினோம், நான்தான் ஜெயித்தேன்.